கொடைக்கானலில் மாரடைப்பு: உடனே ஊசியா, மதுரையில் ஆஞ்சியோபிளாஸ்டியா?

இதய ரத்தக்குழாயில் உள்ள அடைப்பை மெல்லிய குழாய் விட்டு பலூனால் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிதான் மேல், சந்தேகமில்லை. அடைப்பு நன்றாகத் திறக்கும், மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் குறைவு. ஆனால் மதுரை சுமார் 120 கிலோமீட்டர், மலைப்பாதையில் மூன்று மணி நேரம் போய்விடும். இசிஜியில் பெரிய மாரடைப்பு தெரிந்து, 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க முடியாதென்றால், டெனெக்டெப்லேஸ் மாதிரி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை மலையிலேயே போட்டுவிட்டு, அப்புறம் கீழே இறங்க வேண்டும். ஊசி வேலை செய்தாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சோதனை) வேண்டும்.

"ரத்தம் திடீரென்று திரும்பினால் அதுவே இதயத்தைக் கெடுக்குமாமே?" என்று கேட்கிறார்கள். கெடுக்கும், ஊசி, ஆஞ்சியோபிளாஸ்டி இரண்டு வழியிலும்தான். ரத்தமில்லாதபோது செல்லில் அமிலம் சேரும், அதை வெளியேற்றும்போது சோடியம் உள்ளே வரும், சோடியத்தைத் தள்ளப்போய் கால்சியம் நுழையும். ரத்தம் திரும்பியதும் இது இன்னும் வேகமெடுத்து, தசை இறுகி, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் துளை திறந்து செல் செத்துப்போகும். அந்தத் துளையைத் தடுக்க சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2015-ல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆனால் ரத்தமே போகாவிட்டால் அந்தத் தசை மொத்தமும் போய்விடும், அதனால் தாமதிக்க இது காரணமே இல்லை.

சமீபத்தில் பக்கவாதமோ பெரிய ரத்தக்கசிவோ வந்தவருக்கு ஊசி கூடாது. அவரை நேராக மதுரைக்கு ஏற்றுங்கள்.