நேரத்தைச் சேமிக்க எது நல்லது: எண்ணா, எழுத்தா, ஊர் நேரமா?

நிரலில் நேரத்தைச் சேமிக்கப் பொதுவாக மூன்று வழிகள்: யுனிக்ஸ் டைம்ஸ்டாம்ப் என்ற எண், ஐஎஸ்ஓ 8601 ஸ்ட்ரிங் (2023-11-14T22:13:20Z போல உலகத் தர வடிவில் எழுதிய எழுத்து), டைம்ஸோன் (நேர மண்டலம்) பெயரோடு ஊர் நேரம். எது நல்லது என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: நடந்து முடிந்த நேரமா, இனி வரப்போகும் நேரமா?

டைம்ஸ்டாம்ப் என்பது 1970 ஜனவரி 1 யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எண்ணிய விநாடிகள். கழிக்கலாம், வரிசைப்படுத்தலாம், ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் 1700000000 என்பது 2023 நவம்பர் 14 என்று பார்த்தவுடன் யாருக்குத் தெரியும்? அலகும் அதில் இல்லை. பைத்தான் விநாடியில் தரும். ஜாவாஸ்கிரிப்ட் மில்லி விநாடியில் கேட்கும். இதே எண்ணை அப்படியே ஜாவாஸ்கிரிப்டில் போட்டால் 1970 ஜனவரி 20 வந்து நிற்கும். திரையில் 1970 ஜனவரியைக் கண்டாலே, ஆயிரத்தால் பெருக்க விட்டுப்போனதா என்றுதான் முதலில் பார்ப்பேன். எதிர்ம எண்ணுக்கும் இடம் தரும் 32 பிட் எண்ணில் வைத்தால் 2038 ஜனவரி 19-க்கு மேல் இடமும் கிடையாது.

லாக் (நிரல் எழுதும் நிகழ்வுப் பதிவு), ஏபிஐ (நிரல்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் வழி) இரண்டுக்கும் என் ஓட்டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்குக்கே. ஆண்டு, மாதம், நாள் என்று போவதால் 03/04 மார்ச்சா ஏப்ரலா என்ற சண்டை வராது. எல்லாம் யுடிசியில் ஒரே வடிவில் இருந்தால் எழுத்து வரிசையே கால வரிசை. யுடிசியிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லும் ஆஃப்செட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட், வெறும் தேதியை யுடிசி என்றும், மணியும் சேர்ந்திருந்தால் உள்ளூர் நேரம் என்றும் படிக்கிறது. 1990-05-12 என்ற பிறந்த நாள் நியூயார்க் திரையில் மே 11 ஆவது இப்படித்தான். பிறந்த நாளை வெறும் தேதியாகவே வையுங்கள்.

வரப்போகும் நேரத்துக்கு இந்த இரண்டுமே போதாது. 2016 செப்டம்பரில் துருக்கி, கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய கடிகாரத்தைக் குளிர்காலத்தில் இனி பின்னுக்குத் தள்ளப்போவதில்லை என்று முடிவெடுத்தது. அந்த ஜூலையிலேயே இஸ்தான்புல்லில் ஒருவர் டிசம்பர் 5 காலை 9 மணிக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விதிப்படி நிரல் அதை யுடிசி 7 மணியாக மாற்றி வைத்திருக்கும். டிசம்பரில் ஊர் யுடிசி +3-லேயே நிற்கிறது. திரை 10 மணி என்கிறது. நோயாளி ஒரு மணி நேரம் தாமதம். கணக்கில் பிழையில்லை, ஆனால் அவர் சொன்னது '9 மணி, இஸ்தான்புல்'. அதைத்தான் சேமித்திருக்க வேண்டும். +02:00 என்று ஆஃப்செட் எழுதி வைத்திருந்தாலும் இதே கதிதான். ஊரின் பெயர் இருந்தால்தான் புதிய விதியைத் தேடி எடுக்க முடியும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் டைம்ஸோன் உள்ள டைம்ஸ்டாம்ப் வகையும் பெயரைச் சேமிப்பதில்லை, யுடிசிக்கு மாற்றிவிடும். பெயருக்குத் தனிப் புலம் வையுங்கள்.

இந்த வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. நியூயார்க்கில் கடிகாரம் பின்னுக்குப் போகும் இரவில் 1:30 இரண்டு முறை வரும். பைத்தான் 3.6-இல் சேர்ந்த ஃபோல்ட் என்ற குறி, முதல் 1:30-ஆ இரண்டாவதா என்று பிரித்துச் சொல்ல வந்ததுதான்.