பிடிஎஸ்டி கோச் செயலி: எங்கள் வீட்டில் எட்டு மாதம்

என் வீட்டுக்காரர் போர்முனையிலிருந்து திரும்பி மூன்று வருடம் ஆகிறது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கடவுள் புண்ணியம் என்றார்கள். ராத்திரியில் அவரைத் தொட்டு எழுப்பக் கூடாது, அறை வாசலில் நின்று குரல் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும் என்பது எனக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். என்ன ஆச்சு என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டினோம்.

பிடிஎஸ்டி என்பது போர் போன்ற பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனசில் தங்கிவிடும் பாதிப்பு. அது உள்ளவர்களுக்காக அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2011-ல் வெளியிட்டதுதான் இந்த போன் செயலி. இலவசம். கணக்கு தொடங்க வேண்டாம், பெயர் கொடுக்க வேண்டாம். அவர் சம்மதித்ததே அதனால்தான். மனசு சரியில்லை என்று எங்காவது ஒரு தாளில் தன் பெயரோடு பதிவாகிவிடுமோ என்ற பயம் பட்டாளத்துக்காரர்களுக்கு எவ்வளவு பெரியது என்பது கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மூச்சுப் பயிற்சி, தூக்கத்துக்கான குறிப்புகள் என்று நிறைய இருக்கிறது. எங்களுக்குக் கை கொடுத்தது உளைச்சலை 0 முதல் 10 வரை குறிக்கும் அளவுகோல். ஒரு சாயங்காலம் காற்றில் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. மகளின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உறைந்துபோனார். கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. வழக்கமாக எழுந்து வெளியே போய்விடுவார், திரும்பி வர ராத்திரி ஆகிவிடும். அன்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தார். 8 என்று குறித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் எதுவும் பேசவில்லை. மூச்சுப் பயிற்சி முடிந்ததும் செயலி மறுபடி அளவு கேட்கும். 5. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "சரிப்பா, மிச்ச அட்டையை நான் போடுறேன்" என்றாள்.

இப்போதெல்லாம் "எவ்வளவு?" என்று கேட்டால் போதும், எண் வந்துவிடும்.

அப்புறம் பிடிஎஸ்டி அறிகுறிகள் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. 31 முதல் 33 வரையிலான அளவை எட்டினால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்பார்கள். இவருக்கு முதல் தடவை 54. அதைப் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் வந்தார். அங்கேயும் வாய் திறக்கவில்லை, போனை நீட்டினார். சிகிச்சைக்கு இது மாற்று இல்லை, செயலியே அதைச் சொல்கிறது. ஒதுக்கி வைத்த நினைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பார்க்கும் சிகிச்சை நடக்கிறது. முதல் சில வாரம் தூக்கம் இன்னும் கெட்டது, இப்போது பரவாயில்லை.

கேள்விகள் ஆங்கிலத்தில் இருப்பதால் நான்தான் ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். தூக்கம் வராதது, சட்டென்று எரிந்து விழுவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது. எழுத எழுத, பாதி என்னைப் பற்றியே கேட்பதுபோல் இருந்தது. குடும்பத்தாருக்கென்று பிடிஎஸ்டி ஃபேமிலி கோச் என்று தனியாக ஒன்று உண்டு. அதை என் போனில் போட்டிருக்கிறேன்.

இதிலுள்ள அவசர உதவி எண்கள் அமெரிக்காவுக்கானவை. வேறு நாட்டில் இருப்பவர்கள் முதல் வேலையாகத் தங்களுக்கு வேண்டியவர்களின் எண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு இடம் இருக்கிறது. இவர் சேர்த்திருப்பது மூன்று பேர்: டாக்டர், நான், அதே படைப்பிரிவில் இருந்த நண்பர். திரும்பி வந்ததிலிருந்து அந்த நண்பரின் போனை எடுக்காமலே இருந்தவர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இவரே கூப்பிடுகிறார்.