பழைய கிறைஸ்லர் பசிஃபிகா: இருக்கைகளுக்கு மயங்குமுன் எஞ்சினை விசாரியுங்கள்

அமெரிக்காவில் பழைய மினிவேன் தேடும் குடும்பங்களின் கண்ணில் 2017ஆம் ஆண்டு மாடல் கிறைஸ்லர் பசிஃபிகா படாமல் போகாது. அதே வயதுள்ள டொயோட்டா சியென்னா கேட்கும் விலைக்கு இது பெரும்பாலும் குறைவாகவே கிடைக்கிறது. இரண்டாம் வரிசை இருக்கைகள் அப்படியே தரைக்குள் மடிந்து மறையும் ‘ஸ்டோ அண்ட் கோ’ அமைப்பு ஒன்றுக்காகவே இந்த வண்டியை வாங்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் தவறும் இல்லை. 287 குதிரைத்திறன் கொண்ட 3.6 லிட்டர் வி6 எஞ்சினும் 9 வேகத் தானியங்கி கியரும் முழுச் சுமையையும் அலட்டிக்கொள்ளாமல் இழுக்கின்றன. ஆனால் இந்த மாடலின் முதல் ஆண்டு வண்டிகளைப் பற்றிய பேச்சு, எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்பதைவிட எப்போது நின்றுவிடும் என்பதையே சுற்றி வந்தது.

உரிமையாளர்கள் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.விடம் பதிவு செய்த புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல், சில நேரம் சந்திப்பில் திரும்பும்போதும் சில நேரம் விரைவுச்சாலையிலும், எஞ்சின் அணைந்துவிடும். கியரை நிறுத்த நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி இயக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல வண்டி புறப்படும். பணிமனைக்குக் கொண்டுபோனால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்ற பதிலே பலருக்குக் கிடைத்தது. எஞ்சின் நின்றபின் பிரேக்குக்கு உதவும் விசை சில மிதிகளுக்குள் தீர்ந்துவிடும் என்பதால், பின்னிருக்கையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓட்டுபவருக்கு இது ஒரு சிறு தொந்தரவு அல்ல.

சென்டர் ஃபார் ஆட்டோ சேஃப்டி என்ற நுகர்வோர் அமைப்பு, இத்தகைய ஐம்பதுக்கும் மேற்பட்ட புகார்களைக் காட்டி 2017 நவம்பரில் ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் நடவடிக்கை, கேட்டது. 2018 ஜனவரியில் வண்டியைத் தயாரித்த நிறுவனம் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பெட்ரோல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி சில சூழல்களைத் தவறாகக் கணித்து எஞ்சினை நிறுத்திவிடுகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். தீர்வு, மென்பொருள் மாற்றம். எந்த உதிரிப்பாகமும் மாற்றாமல் தீரக்கூடிய ஒரு குறைக்கு, வெளியார் ஒருவர் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெட்ரோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைப்ரிட் வகையின் கதை இன்னும் மோசம். மின்கலத்தின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர் பகுதியில் இருந்த பழுதால் ஓட்டத்தின் நடுவே உந்துவிசை இழக்கலாம் என்று 2017 ஜூனிலேயே அது திரும்ப அழைக்கப்பட்டது. 2022இல் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக, 2017, 2018 மாடல்களை வீட்டுக்கும் பிற வண்டிகளுக்கும் தள்ளி வெளியே நிறுத்தச் சொன்னார்கள். 2023 ஜனவரியில், கியர்ப்பெட்டி மின்கம்பி இணைப்பில் ஏற்படும் குறுக்குச்சுற்றால் எஞ்சின் நின்றுவிடக்கூடும் என்று மேலும் 67,118 ஹைப்ரிட்கள் அழைக்கப்பட்டன. தரைக்கடியில் மின்கலம் இருப்பதால் இந்த வகையில் இரண்டாம் வரிசை இருக்கைகள் மடிந்து மறைவதும் இல்லை. தொடக்க ஆண்டு ஹைப்ரிட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்ரோல் வகையை வாங்கலாம், ஆனால் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணை என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் இட்டால், செய்யப்படாமல் கிடக்கும் ரீகால் எதுவும் தெரிந்துவிடும். அந்த வேலையை டீலர் கட்டணமின்றிச் செய்து தர வேண்டும். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டி சிக்னலில் தானாக அணைவதையும் இந்தக் கோளாறையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: முன்னதில் பிரேக்கை விட்டதும் எஞ்சின் தானே உயிர்பெறும், பின்னதில் பெறாது. சோதனை ஓட்டத்துக்குப் போகுமுன், எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது ‘டிக் டிக்’ என்று சீராக ஒரு சத்தம் எழுந்து, சூடான பின்னும் அடங்காவிட்டால், வால்வுகளை இயக்கும் ராக்கர் கைகள் தேய்ந்திருக்கலாம். இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக் ஆயில் ஃபில்டர் கூட்டில் கசிவு இருக்கிறதா என்பதையும் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்வது நல்லது. பார்க்க விடாத விற்பனையாளரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் பேரம் பேசாதீர்கள்.