கல் போடுவதா, கன்று நடுவதா?

இலங்கையின் கிழக்கே, கல்லடியிலிருந்து ஒலுவில் வரை கரையோரத்தில் இதுதான் இப்போதைய வாக்குவாதம். உலகக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரை சராசரியாக ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் ஏறியது. கரையைக் காக்கக் கருங்கல் அணையா, பச்சை வேலியா?

செலவு: கல்லுக்கு மலை உடைக்க வேண்டும், லொறி வேண்டும். கன்று மலிவு, ஆனால் ஆடுமாடு கடிக்காமல் காக்க ஆள் வேண்டும்.

வேகம்: கல் போட்ட அன்றே காவல். மரம் வேர்பிடிக்க வருடங்கள்.

பக்கத்து ஊர்: இதைத்தான் யாரும் கேட்பதில்லை. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு மறித்ததும் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே தென்னைகள் வேர் தெரியக் கடலுக்குள் சரிந்தன. கரையோரக் கல்லணையும் தன் முனையில் அரிப்பைத் தள்ளிவிடும். தோணி ஏற்ற, கரைவலை இழுக்க இடமும் இராது. கன்றால் இந்தத் தொல்லை இல்லை.

மண்: கண்டல், அதாவது அலையாத்தி மரம், வாவிச் சேற்றுக்குரியது, அலையடிக்கும் மணலில் நிற்காது. 2004 சுனாமிக்குப் பிறகு இடம் பாராமல் நட்ட கண்டல்கள் பல பட்டுப்போயின. கடல்பக்கம் தாழை, இராவணன்மீசைப் புல், மணலில் படரும் அடம்பன் கொடிதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்குத்தானே!

வீதியோ வைத்தியசாலையோ கரையை ஒட்டி நின்றால் கல். வாவியோரத்துக்குக் கண்டல். மணல்மேடு மிஞ்சிய இடத்தில் மேட்டை அள்ளாமல் கொடியை விடுங்கள். கிணற்றில் உப்பேறிய வளவுக்கு இரண்டும் உதவாது, அங்கே குழாய்நீர்தான் முதல் வேலை.