தாய்ப்பால் ஆலோசகர் வீட்டுக்கு வரும் சேவை: முதல் பிரசவத்துக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் காம்பு வெடித்து ரத்தம் கசியும்வரை பொறுத்திருக்காமல் முதல் வாரத்திலேயே கூப்பிடுங்கள். பார்க்க வருகிற ஆளெல்லாம் "பால் பத்தலையோ" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார்கள், பிள்ளை எப்படிக் குடிக்கிறது என்று ஒருத்தர்கூட உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். எங்களிடம் வந்த ஆலோசகர் முதலில் செய்ததே அதுதான். கை கழுவிவிட்டு, பிள்ளை பசித்து எழும்வரை பேசிக்கொண்டிருந்தார், அப்புறம் ஒரு வேளை பால் கொடுப்பதை ஆரம்பத்திலிருந்து கவனித்தார்.

பிள்ளை காம்பின் நுனியை மட்டும்தான் கவ்விக்கொண்டிருந்தது. அதன் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, மூக்குக்கு நேராகக் காம்பை வைத்து, கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறந்ததும் சட்டென்று அணைத்துக்கொள்ளச் சொன்னார். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, முகவாய் மார்பில் பதிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போனதும் அந்தச் சுருக்கென்ற வலி அடங்கிவிட்டது, விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது.

பால் போதுமா என்பதற்கு அவர் சொன்ன கணக்கு என் பயத்தைப் பாதி குறைத்தது. ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிப்பது இயல்பு, ஐந்தாம் நாளிலிருந்து தினமும் 6 டயப்பராவது நன்றாக நனைய வேண்டும், முதல் சில நாட்களில் குறையும் எடை இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிட வேண்டும். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் சுரக்கும் என்பதால், பிள்ளை அழுகிறதே என்று ஒவ்வொரு வேளைக்கும் பவுடர் பாலைப் பழக்கினால் சுரப்பு இறங்கும். மருத்துவர் தேவை என்று சொன்னால் அது வேறு விஷயம், கொடுக்கத்தான் வேண்டும். அதற்காக யாரும் குற்றவுணர்ச்சியோடு உட்கார வேண்டியதில்லை. இதையெல்லாம் என் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார், வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலையை அதன் பிறகு அவரே பார்த்துக்கொண்டார். எனக்கு அதுவே பெரிய ஓய்வு.

குறைகளும் உண்டு. பகலில் மட்டும்தான் வருவார்கள், பிள்ளையோ நடுராத்திரியில்தான் மார்பை விடாது. ராத்திரி அனுப்பிய செய்திக்கு மறுநாள் மதியம் பதில் வந்தால் என்ன பிரயோஜனம்? அப்புறம் தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வாடகைக்கு எடுக்கச் சொல்லி விடாமல் வற்புறுத்தினார்கள், கொடுத்த பம்பில் மார்பில் வைக்கிற புனல் எனக்குச் சரியான அளவுதானா என்று பார்க்கவே இல்லை. அளவு பொருந்தாத புனல் காம்பை உரசிப் புண்ணாக்கும், பாலும் சரியாக வராது. இதுகூடப் பார்க்கவில்லை என்றால் எதற்கு ஆலோசகர்!

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வருகிறவருக்கு ஐபிசிஎல்சி என்கிற, தாய்ப்பால் ஆலோசகர்களுக்கான சர்வதேசச் சான்றிதழோ அதற்கு இணையான பயிற்சியோ இருக்கிறதா, ராத்திரி போன் எடுப்பார்களா. மார்பு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் ஆலோசகருக்காகக் காத்திருக்காமல் நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.