பைபர் வந்த வீட்டுக்கு ஆர்ச்சர் சி6: எங்கே கொழுவுவது, எதைத் தொடக்கூடாது

வீட்டுக்குள் வைபை பரப்புகிற ரவுட்டர்களில் ரிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 பழைய மொடல்தான். வைபை 6 இல்லை, யுஎஸ்பி துவாரமும் இல்லை. ஆனாலும் புதிதாக வீட்டு பைபர் எடுத்து, சொந்தமாக ஒரு ரவுட்டர் போட நினைக்கிறவர்களுக்கு இது போதும். வயர் செருகுகிற ஐந்து போர்ட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்பதே முதல் காரணம். சி50 பெட்டியிலும் வைபை வேகத்தைக் குறிக்கிற இதே ஏசி1200தான் அச்சடித்திருக்கும், ஆனால் அதன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். விலை குறைவென்று அதைத் தூக்கினால், பக்கேஜைக் கூட்டுகிற நாளில் திரும்பவும் கடைக்குத்தான்.

கொம்பனி தந்த பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. பச்சைத் தலை பைபர் வயர் போய்ச் செருகுகிற அந்தப் பெட்டிதான் ஓஎன்ரி. ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அது. அதன் தொடரெண் கொம்பனியின் கருவியில் பதிவாகியிருக்கும். வெளியே வேறொன்று வாங்கிக் கொழுவினாலும் லைன் எழும்பாது. ஆகவே ஓஎன்ரி இருந்த இடத்தில் இருக்கட்டும், ஆர்ச்சர் அதற்குப் பின்னால் வரும். பச்சைத் தலையைக் கழற்றி நுனியை விரலால் தொடவேண்டாம். ஒரு தூசி போதும், ஒளி குறைந்துவிடும். மிஞ்சிய வயரை மடித்துக் கட்டாமல் சோசர் அளவு வளையமாக விடவும். ஓஎன்ரியில் எல்ஓஎஸ் (ஒளி வரவில்லை) லைற் சிவப்பாக மினுங்கினால் பெரும்பாலும் வெளி வயரில் கோளாறு (மாங்கொப்பு, பனையோலை, அணில், ஏதாவது ஒன்று). அதற்கு ரவுட்டரை நோண்டிப் பிரயோசனமில்லை.

பெரும்பாலான வீடுகளுக்கு அக்சஸ் பொயின்ற் மோட் போதும், அதாவது நெற்வேர்க்கை ஓஎன்ரியே நடத்தும், ஆர்ச்சர் வைபையை மட்டும் பரப்பும். பொருத்த வருகிறவர் கேற்றுக்குக் கிட்டவாக, முன் விறாந்தையிலேயே ஓஎன்ரியை அடித்துவிட்டுப் போவார். பழைய வீட்டுச் சுண்ணாம்புக்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் வேகமான 5 கிகாஹேர்ட்ஸ் வைபை படுத்துவிடும், குசினிப் பக்கம் 2.4 மட்டும் தடுமாறிக்கொண்டு போகும். ஓஎன்ரியிலிருந்து நடுக் கூடத்துக்கு ஒரு கற்6 நெற்வேர்க் வயர் இழுத்து, ஆர்ச்சரை அலுமாரிக்கு மேலே, திறந்த இடத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

வயரின் ஒரு தலை ஓஎன்ரியின் லான் 1இல், மறு தலை ஆர்ச்சரின் நீலப் போர்ட்டில் (வெளியிலிருந்து நெற் வருகிற வான் போர்ட்). ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்து போனை இணைத்து, பிரவுசரில் 192.168.0.1 அடிக்கவும். முதலில் அட்மின் பாஸ்வேர்ட். பிறகு மேம்பட்ட செற்றிங்கில் மோடை அக்சஸ் பொயின்ற் ஆக்கிச் சேமித்தால் தானே ரீஸ்ராட் ஆகும். அதன்பின் அதன் ஐபி முகவரி ஓஎன்ரி கொடுப்பதாக மாறிவிடும். 192.168.0.1 இனித் திறக்காது என்று பயந்து ரீசெற் அடிக்கவேண்டாம், ஓஎன்ரியில் இணைந்த கருவிகளின் பட்டியலில் புது முகவரி இருக்கும். 2.4க்குச் சனல் 1, 6, 11இல் ஒன்று, அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். ஓஎன்ரியின் வைபையை நிறுத்துங்கள், அல்லது இரண்டுக்கும் ஒரே பெயரும் பாஸ்வேர்டும் வைத்துச் சனலை மட்டும் மாற்றுங்கள்.

மோடை மாற்றாமல் அப்படியே கொழுவினாலும் நெற் வரும். ஆனால் வீட்டுக்குள் இரண்டு தனி நெற்வேர்க் உருவாகும். ஓஎன்ரியில் நிற்கிற பிரின்ரர் ஆர்ச்சரில் நிற்கிற போனுக்குத் தெரியாது, ரீவிக்குப் படம் அனுப்பவும் ஏலாது. பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கவேண்டும் என்பவர்கள் மட்டும் இதைச் சகித்துக்கொள்ளலாம், அக்சஸ் பொயின்ற் மோடில் அந்த வசதி கிடையாது.

நெற்றே வரவில்லையா? பெரும்பாலும் போர்ட் பிழை. ரீவி சேவையும் எடுத்திருந்தால் ஓஎன்ரியின் லான் போர்ட்டுகளில் ஒன்று அதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். சில மொடல்களில் ஒரு போர்ட் மட்டுமே கிகாபிட். பொருத்துகிறவர் நிற்கும்போதே கேட்டு, பேனாவால் குறித்து வையுங்கள்.

வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாமல் நின்றால் ரவுட்டரைத் திட்டாதீர்கள், வயரைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டு நரம்பும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்று பிடிக்காவிட்டாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடும். மலிவு வயரின் நரம்பைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம், கிளிப் அடித்த இடத்தில் சீக்கிரம் முறியும். முழுக்கச் செம்பாக இருப்பதையே கேட்டு வாங்குங்கள்.

பிரிட்ஜ் மோட் பற்றி ஒரு வார்த்தை. ஓஎன்ரி வெறும் பாலமாகி, ஆர்ச்சரே பிபிபிஓஇ (லைனுக்குள் நுழைகிற லொகின் முறை) பயனர்பெயர், பாஸ்வேர்ட் கொடுத்து லைனை எடுக்கும். கொம்பனியிடம் சொல்லித்தான் செய்விக்கவேண்டும். விலான் எண் (ஒரே லைனில் நெற், ரீவி போன்றவற்றைப் பிரிக்கிற எண்) தேவையா, வீட்டுத் தொலைபேசியும் ரீவியும் தொடர்ந்து வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிபிபிஓஇயில் எம்ரியு (ஒரு தடவையில் அனுப்புகிற தரவுப் பொட்டலத்தின் அளவு) உச்சம் 1492. சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால் அதைக் குறைத்துப் பார்க்கலாம். சிசிரிவியை வெளிநாட்டிலிருந்து நேரே பார்க்கத்தான் பிரிட்ஜ் என்றால் முதலில் ஆர்ச்சரின் வான் ஐபியைப் பாருங்கள். அது 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால் கொம்பனியே பல வீடுகளை ஒரு முகவரிக்குள் அடக்கியிருக்கிறது, பிரிட்ஜ் போட்டும் பலனில்லை. கமராவின் கிளவுட் அப்பே வழி.

எது நடந்தாலும் ஓஎன்ரியின் பின்பக்கச் சின்ன ரீசெற் துவாரத்தில் ஊசி விடவேண்டாம். உள்ளே உள்ள லைன், தொலைபேசி செற்றிங்குகள் அழிந்தால் கொம்பனி ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

கரண்ட் போனாலும் நெற் வேண்டுமென்றால் 12 வோல்ற் மினி யூபிஎஸ் எடுக்கலாம். வீடுகளுக்கு வருகிற ஜிபொன் வகைப் பைபரில் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் இடையில் கரண்டில் ஓடுகிற கருவி எதுவும் இல்லாததால் லைன் உயிரோடுதான் இருக்கும். ஆனால் இரண்டு அடப்ரரிலும் எழுதியிருக்கிற அம்பியரைக் கூட்டிப் பாருங்கள். ஒன்று 1, மற்றது 1.5 என்றால் 2 அம்பியர் யூபிஎஸ் காணாது, ரவுட்டர் அடிக்கடி தானே அணைந்து எழும்பும். ஐப்பசி கார்த்திகை இடிமழைக்குப் பைபர் கண்ணாடிதானே என்று இருக்கவும் வேண்டாம். இடி கரண்ட் வழியாக வரும், இரண்டு அடப்ரரையும் கழற்றுங்கள்.

மேல்மாடி வீட்டுக்கும் நீளமான காணியில் பின்கட்டு உள்ள வீட்டுக்கும் ஒரு சி6 காணாது. அங்கே இரண்டாவதையும் வயரால் இணைப்பதே சரி. சுவரில் செருகுகிற எக்ஸ்ரெண்டருக்குக் கொடுக்கிற காசை வயருக்குக் கொடுக்கலாம். வாங்கும்போது அடி ஸ்ரிக்கரில் வி2, வி3, வி4 என்று எந்தப் பதிப்பு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேம்வெயர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) பதிப்புக்குப் பதிப்பு வேறு.