பழைய ஃபியட் ரேடியேட்டரில் துரு வராமல் காப்பது: என் பத்மினி அனுபவம்

என்னுடைய பிரீமியர் பத்மினி (ஃபியட் 1100-இன் இந்திய வடிவம்) 1985 மாடல். கைக்கு வந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் செம்மண் கரைத்த மாதிரித் தண்ணீர். பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இப்போது கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், தெளிந்த பச்சையாக நிற்கிறது. விலை உயர்ந்த மருந்து எதுவும் ஊற்றவில்லை. ஊற்றும் தண்ணீரை மாற்றினேன், உள்ளே காற்று புகும் வழிகளை அடைத்தேன், கிலோமீட்டரைப் பார்க்காமல் தேதி பார்த்து கூலண்ட் மாற்றினேன்.

“நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது, கூலண்ட் எதுக்கு சார்?” என்று இன்றும் பல மெக்கானிக்குகள் கேட்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. இந்த இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், அதன் இணைப்புகளில் ஈயப்பற்று. இத்தனை உலோகங்களும் ஒரே தண்ணீரில் நனைந்தால் உள்ளுக்குள் மின்வேதி அரிப்பு நடக்கும், அதில் அலுமினியம் முதலில் அடிபடும். கூலண்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்களில் சிலிக்கேட் அலுமினியத்தையும், டோலில்ட்ரையசோல் செம்பையும் பித்தளையையும் காக்கின்றன. ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி1384 சோதனையில் இந்த உலோகத் துண்டுகளை, பற்று உட்பட, 88 டிகிரி செல்சியஸ் கூலண்டில் 336 மணி நேரம் ஊறவைத்து எடை இழப்பைப் பார்க்கிறார்கள். அதனால் டப்பாவில் கூலண்டுக்கான தர எண்ணாக ஏஎஸ்டிஎம் டி3306 அல்லது இந்தியத் தரமான ஐஎஸ் 5759 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். நிறத்தை நம்ப வேண்டாம், அது வெறும் சாயம். நீண்ட ஆயுள் என்று விற்கும் ஆர்கானிக் அமில வகையை நான் தொடுவதில்லை. அவற்றில் பலவற்றுக்குச் சிலிக்கேட்டே கிடையாது. ஈயப்பற்று வைத்த பழைய ரேடியேட்டரில் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. இரண்டு வகையையும் கலப்பது அதைவிட மோசம்.

தண்ணீர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கோயம்புத்தூர் வீடுகளில் போர் உப்புத் தண்ணி ஒரு குழாயில், சிறுவாணி இன்னொன்றில். போர் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் ஹெட்டின் சூட்டில் காரையாகப் படியும், குளோரைடு அலுமினியத்தில் குழி போடும். சிறுவாணி குடிக்க அருமை, ஆனால் அதையும் குளோரின் கலந்துதான் விடுகிறார்கள். ஏசி தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அது காயிலின் தூசியையும் செம்பையும் கழுவிக்கொண்டு வருவது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன்தான் என் தேர்வு. அதையும் தனியாக ஊற்றக் கூடாது, துருவைத் தடுக்க அதில் ஒன்றுமே இல்லை. என் கலவை நாற்பது பங்கு கூலண்ட், அறுபது பங்கு தண்ணீர். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கூலண்ட் இறங்கினால் பாதுகாப்பு போதாது. அதிகமாக ஊற்றுவதிலும் லாபமில்லை, கூலண்டின் முக்கியப் பொருளான கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும்.

தொடக்கத்தில் ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்து, மேல் கீழ் தொட்டிகளைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்தோம். பிளாக்கை எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சி அலசினோம். காஸ்டிக் சோடாவை மட்டும் கிட்டே விடாதீர்கள், அலுமினிய ஹெட்டைத் தின்றுவிடும்.

பலரும் கவனிக்காதது காற்று. என் வண்டியில் முதலில், விரிந்து வழியும் தண்ணீரைப் பிடிக்கும் உபரி பாட்டில் இல்லை. சூட்டில் விரிந்த தண்ணீர் வெளியே போகும், ஆறும்போது அந்த இடத்துக்குக் காற்று வரும். அந்த ஆக்சிஜன் போதும் துருவுக்கு. ஒரு சிறிய பாட்டிலும், மேல் விளிம்பிலும் ரப்பர் சீல் உள்ள மூடியும் போட்ட பிறகு மேல்தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கிறது. பழைய ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்ப் சீல் எல்லாம் மாற்றினேன். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் கரண்ட் கூலண்ட் வழியாகவும் பாயப் பார்க்கும், அதையும் புதிதாகப் போடுங்கள்.

வண்டி ஓடினாலும் நின்றாலும் தடுப்பான்கள் தீர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பங்குனியில், வெயில் ஏறுமுன் மாற்றுகிறேன். நடுவில் அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் 7-க்குக் கீழே, அதாவது அமிலமாக, காட்டினால் உடனே மாற்றம். சமீபத்தில் கேஸ்கெட்டுக்காக ஹெட்டைத் திறந்தபோது தண்ணீர்த் துளைகளில் பழைய குழிகள் மட்டுமே இருந்தன, புதிதாக ஒன்றும் அரிக்கவில்லை.

வடித்த கூலண்டைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், எத்திலீன் கிளைக்கால் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.